பட்டியலில் இல்லாதவர்

2018 மே மாதத்தில் பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்று, உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் யார், எந்த ஊர் என்பதுகூட அடித்தவர்களுக்குத் தெரியாது. குழந்தை கடத்த வடநாட்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகளும் படங்களும் அந்த வாரங்களில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அதே நாட்களில் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஒரு குடும்பமே தாக்கப்பட்டது. அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ரைன்பாடாவில், பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள்.

சமூக ஊடகங்களில் பாதுகாப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் பழவேற்காட்டு மனிதரை வைத்தே அளந்து பார்க்கிறேன். அவரைப் பற்றிய செய்தி ஓடிய எந்தக் குழுவிலும் அவர் உறுப்பினர் இல்லை. அவரிடம் கைப்பேசி இருந்ததா என்பது பொருட்டே இல்லை. எந்தத் தளத்தின் விதிமுறையிலும் அவருக்காக எழுதப்பட்ட வரி எதுவும் இல்லை. ஒரு தளம் பாதுகாப்பானதா என்பதை அதில் கணக்கு வைத்திருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்வதுதான் இன்றைய வழக்கம். அந்த வழக்கம் இந்தச் சாவின் முன்னால் நிற்காது.

பெருநிறுவனத் தளங்களுக்கு மாற்றாக இப்போது முன்வைக்கப்படுபவை கூட்டமைப்புத் தளங்கள். ஜெர்மனியில் இருந்து ஒய்கன் ரோக்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடான் அவற்றில் பெயர் பெற்றது. ஒரே கம்பெனி, ஒரே சட்டம் என்பதற்குப் பதில் ஆயிரக்கணக்கான சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதி, தனி மாடரேட்டர்கள். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் (2018 ஜனவரியில் அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது) ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். பக்கத்து சர்வர் அராஜகம் செய்தால் உறவை வெட்டிவிடலாம். 2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதும், சாதிப் பாகுபாடு காட்டுகிறது என்று அதே நிறுவனத்தின் மேல் தலித், பகுஜன் பயனர்கள் குற்றம் சாட்டியதும் இந்தியர்களை அலையாக மாஸ்டடானுக்குக் கொண்டுசென்றன. சின்ன சமூகம் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும், தன் ஆட்களைத் தனக்குத் தெரியும், ஆகவே அது நியாயமாக ஆளும் என்பது இந்தத் தளங்களின் ஆதரவாளர்கள் சொல்வது.

இந்த வாதத்தை அதன் வலுவான வடிவத்தில் பார்க்க வேண்டுமானால் பழவேற்காட்டு ஏரிக்கே போகலாம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரமும் முகத்துவாரமும் தமிழ்நாட்டுப் பக்கம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று குப்பங்களின் பட்டினவர்கள் பல தலைமுறையாகப் பாடு என்ற முறையில் இறால் பிடித்துவருகிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் யாருக்கும் நிரந்தரச் சொத்து ஆகாது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் சுத்து வலை கட்டுவது என்பதைக் குலுக்கலும் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குப் பங்கு உண்டு. விதியை மீறினால் ஊர்க்கூட்டம் அபராதம் போடும். அதிகாரி வேண்டாம், போலீஸ் வேண்டாம், அடித்துக்கொள்ளாமல் பங்கிடலாம். 1991இல் செபாஸ்டியன் மேத்யூ ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக இந்த முறையை விரிவாகப் பதிவு செய்தார். பொதுவளத்தை மக்களே ஆள முடியும் என்று காட்ட விரும்புபவர்கள் அன்றிலிருந்து பாட்டை எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஏரி மண்மேடிட்டு, முகத்துவாரம் அடைபட்டு, துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் எண்ணூரிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் காலத்திலும் இந்த ஒழுங்கு முற்றாகச் சிதறவில்லை. அதுவே பெரிய விஷயம்.

இந்தப் பெருமையை மனத்தில் வைத்துக்கொண்டே வாட்ஸ்அப், ஃபேஸ்புக், கூட்டமைப்பு மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில், வதந்தியைப் பார்ப்பது யார்? வாட்ஸ்அப்பில் யாரும் பார்க்க முடியாது. செய்தி மறையாக்கம் செய்யப்பட்டது. குழுவுக்குள் இருப்பவர்தான் சாட்சி. 2018இல் குழு அட்மினுக்குக்கூட இன்னொருவர் போட்ட செய்தியை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்கும் வசதி இல்லை. ஆளை வெளியேற்றலாம், அவர் விட்டுச்சென்ற விஷம் அப்படியே கிடக்கும். நீக்கும் அதிகாரம் 2022இல்தான் வந்தது. ஃபேஸ்புக் போன்ற பொதுத்தளத்தில் நிறுவனத்தால் பார்க்க முடியும். ஆனால் எந்த மொழியில் பார்க்கும்? 2021இல் அதன் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களின்படி, பொய்ச் செய்தியை இனம் காண்பதற்கென்று ஒதுக்கிய வளத்தில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே போனது. மீதி உலகம் முழுக்க எஞ்சியது 13. இந்திக்கும் வங்க மொழிக்கும்கூட வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் கருவிகள் நெடுநாள் இல்லாமல் இருந்தன. பழவேற்காட்டுப் பேச்சுத் தமிழில் வந்த குரல் பதிவை அங்கே யார் கேட்டிருப்பார்கள்?

பொதுவெளியில் நடப்பதன் நன்மை 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் காணொளிகளை ஒட்டிப் பரப்பினார்கள். அதில் பெரும்பகுதி ட்விட்டரில் எல்லாரும் பார்க்க நடந்தது. அதனால் தமிழ்நாடு காவல் துறையால் எந்தக் காணொளி, யார் போட்டது, எது பொய் என்று சொல்லி மறுக்கவும் வழக்குப் பதியவும் முடிந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. 2018இல் முதல் அடி விழும்வரை எந்தச் செய்தி எந்த ஊரில் சுற்றுகிறது என்று அரசுக்கே தெளிவாகத் தெரியாது. மாஸ்டடானில் பெரும்பாலான பதிவுகள் பொதுவானவை. தமிழ் தெரிந்த மாடரேட்டர் இருக்கும் சர்வரில் புகார் போனால், வடிவம், குரல், உள்குத்து எல்லாம் புரிந்த ஒருவர் அதைப் படிப்பார். இந்த ஒரு கணக்கில் கூட்டமைப்பு மற்ற இரண்டையும் விடத் தெளிவாக மேலானது.

தமிழ் தெரிந்த மாடரேட்டர் இருந்தால். அந்த நிபந்தனை சிறியது அல்ல. மாஸ்டடான் தன் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஒரு சர்வரைப் பட்டியலிட 2019இல் வகுத்த உடன்படிக்கை, இனவெறி, பாலினப் பாகுபாடு, தன்பாலின வெறுப்பு, மாற்றுப்பாலின வெறுப்பு ஆகியவற்றுக்கு எதிராக முனைப்போடு செயல்பட வேண்டும் என்கிறது. நல்லது. சாதி அதில் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் மாடரேட்டருக்கு ஒரு தமிழ்ப் பதிவில் வரும் ஊர்ப்பெயரோ தொழிற்பெயரோ சாதி வசையாக இறங்குவது எப்படிப் புரியும்? 2019இல் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துக் குடிபெயர்ந்தவர்கள், அந்தச் சொல்லே இல்லாத உடன்படிக்கையின் கீழ் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி, உள்ளூர் அறிவு என்ற நன்மையின் மறுபக்கத்துக்கு வருகிறேன். என் தீர்ப்பு பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது. பழவேற்காட்டில் அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் எங்கோ இருந்த வெறுப்பு வியாபாரிகள் மட்டும் அல்லர். பிள்ளை பெற்றவர்கள், அக்கம்பக்கத்தார், அண்ணன் தம்பிகள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை, ஊரைக் காப்பதாக நினைத்தார்கள். ஒரு குப்பத்துக்கென்று சர்வர் இருந்து, அதற்கு அதே குப்பத்தார் மாடரேட்டராக இருந்தால், அந்த இரவில் அவரும் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பார். தன் ஆட்களைத் தெரிந்த ஒருவர் தன் ஆட்களின் பயத்தையும் பங்குபோடுகிறார். வழக்கமான வசை, ஏமாற்று, ஆபாசம் ஆகியவற்றில் உள்ளூர் மாடரேட்டர் அருமையாக வேலை செய்வார். ஊரே ஒரு மனதாக அஞ்சும் நாளில் அவர் வேலை செய்ய மாட்டார். அந்த நாளில்தான் உயிர் போகிறது.

துண்டிப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு சர்வர் கெட்டால் மற்றவை வெட்டிவிடும். அதன் பெரிய சோதனை 2019 ஜூலையில் நடந்தது. வெள்ளை இனவெறியர்கள் குவிந்த கேப் என்ற தளம் மாஸ்டடானின் மென்பொருளையே எடுத்துத் திருத்திக்கொண்டு கூட்டமைப்புக்குள் வந்தது. பெரும்பாலான சர்வர்கள் உடனே உறவை வெட்டின. சில கைப்பேசிச் செயலிகள் அதற்குள் நுழையவே அனுமதிக்கவில்லை. கூட்டமைப்பின் வெற்றிக் கதையாக இதைச் சொல்கிறார்கள். மற்ற சர்வர்களில் இருந்தவர்களுக்கு அது உண்மையான நிம்மதிதான். ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத வழிபாட்டிடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன் கேப் பயனர். இறந்தவர்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் அல்லர், பேசப்பட்டவர்கள். உறவை வெட்டுவதால் நம் வீட்டுக்குச் சத்தம் வராது. சத்தம் எழும் இடத்தில் யாரைக் குறிவைக்கிறார்களோ, அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து எச்சரிக்கக்கூடிய கண்கள்கூட அதன் பிறகு குறைந்துபோகின்றன.

மையப்படுத்திய நிறுவனத்துக்கு இங்கே ஒரு பாராட்டைச் சொல்லாவிட்டால் இந்த எடைபோடல் நேர்மையாக இருக்காது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது; ஃபார்வர்டு என்ற அடையாளமும் வந்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பை உலகம் முழுக்க விரித்தபின் ஃபார்வர்டுகள் 25 சதவீதம் குறைந்ததாகவும், 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கியபின் அத்தகைய செய்திகள் 70 சதவீதம் சரிந்ததாகவும் நிறுவனம் சொன்னது. அவர்களே சொல்லும் கணக்கு, ஆனாலும் திசை நம்பத்தக்கது. யாருடைய செய்தியையும் படிக்காமல், கோடிக்கணக்கான கைப்பேசிகளில் வேகத்தைக் குறைக்க முடிந்தது. கூட்டமைப்பால் இப்படி ஒரே ஆணையில் செய்ய முடியாது. ரோக்கோவும் வேகத்தடை வைத்தவர்தான். பிறர் பதிவை மேற்கோள் காட்டித் தாக்கும் வசதியை வேண்டுமென்றே நெடுங்காலம் மாஸ்டடானில் சேர்க்காமல் இருந்தார். ஆனால் அது திறந்தமூல மென்பொருள். யாரும் எடுத்துத் தடையை நீக்கிவிட்டு ஓட்டலாம்.

வேகத்தைக் குறைப்பது எப்போதும் நல்லது என்றும் கடற்கரையில் சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி ஊரே ஓடிப் பிழைத்தது. சரிபார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. இன்று புயல் செய்தி, காற்றின் போக்கு, முகத்துவாரத்தின் நிலை, இறால் விலை எல்லாம் மீனவர்களிடம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. அலையைப் பற்றிய அவசரமும் அந்நியனைப் பற்றிய அவசரமும் ஒரே வழியில், ஒரே குரலில், ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. இரண்டையும் பிரித்தறிய இயந்திரத்தால் முடியாது. நல்லவாட்டில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றவர் யார் என்று ஊருக்கே தெரியும். தவறாகச் சொன்னால் நாளை அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்னவர் யார் என்று தெரிவதும், அவரைக் கேள்வி கேட்க முடிவதும் கூட்டமைப்புச் சர்வரில் சாத்தியம். ஃபார்வர்டில் சாத்தியமே இல்லை. இதைக் கூட்டமைப்பின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகத்தினர் பெரிய மாஸ்டடான் சர்வர்களின் பொதுப் பதிவுகளை இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 3.25 லட்சம் பதிவுகளில், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் என்று முன்பே பதிவானவை 112 முறை தட்டுப்பட்டன. முதலாவது சிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. இப்படங்களை இனம்காணும் கருவி பெருநிறுவனங்களிடம் பல்லாண்டாக உண்டு. சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தன்னார்வலரிடம் இல்லை. அதைப் பொதுவில் அமைத்துத் தர முயன்ற இஃப்டாஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பணமில்லாமல் 2025இல் அந்தச் சேவையை நிறுத்த வேண்டியதாயிற்று. பாட்டில் வலை கட்டுபவர்களே அதன் ஒழுங்குக்கும் செலவழிக்கிறார்கள், பிடிபடும் இறாலிலிருந்து. பேச்சிலிருந்து அப்படிக் காசு வருவதில்லை. பாட்டையும் சர்வரையும் ஒப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டை எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

பாட்டில் இல்லாதவர்களையும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். தலைக்கட்டில் பெயர் ஏற, பட்டினவராக, ஆணாக, அந்தக் குப்பத்து வாரிசாக இருக்க வேண்டும். இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. மீனை விற்று வீட்டை நடத்தும் பெண்களுக்குக் கிடையாது. ஏரியையே நம்பியிருக்கும் மற்ற ஊர்க்காரர்கள் நெடுங்காலம் வெளியே நின்றார்கள். பழவேற்காட்டில் விரிவாகக் கள ஆய்வு செய்த சாரா கூல்தார்ட், பாடு தருவது மீன் மட்டுமல்ல, மதிப்பும் சேர்ந்திருக்கும் உணர்வும்தான் என்று காட்டினார். உள்ளே இருப்பவர் அதைவிட்டு எளிதில் வராததற்கும் வெளியே இருப்பவர் மனம் புழுங்குவதற்கும் அதுவே காரணம். வெளியாரோடு தகராறு முற்றும்போது ஊர்க்கூட்டத்தால் தீர்க்க முடிவதில்லை. பொன்னேரியிலிருந்து வருவாய்த் துறையும் காவல் துறையும் வந்து பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் வெளியாருக்கு நாற்காலி இல்லை. கடலோரப் பஞ்சாயத்துகள் ஊர்விலக்கம் செய்த வழக்குகள் உயர் நீதிமன்றம்வரை போயிருப்பதும் இதனால்தான். உள்ளே நியாயமாக நடக்கும் அமைப்பு வெளியாருக்கும் நியாயம் செய்யும் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை.

சட்டத்தில் ஒரு பிடி கிடைக்குமா? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி எந்த இடைத்தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும். விதிகள் வந்தபோது அதை முடிக்கக் கெடு 15 நாள். கூடுதல் பொறுப்புகள் 50 லட்சம் பதிவுபெற்ற பயனர்களைத் தாண்டிய தளங்களுக்கு மட்டும். கூட்டமைப்பில் எந்த ஒரு சர்வரும் இந்தியாவில் அந்த எண்ணிக்கையை நெருங்காது. மொத்தமாக எவ்வளவு பெரிதானாலும் சட்டத்தின் கண்ணில் அது சிறுசிறு துண்டுகள்தான். வாட்ஸ்அப் அட்மினைப் பொறுத்தவரை, உறுப்பினர் போட்ட செய்திக்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரை அமர்வு கரூர் வழக்கறிஞர்கள் குழு தொடர்பான வழக்கில் சொன்னது. சரியான முடிவு. இல்லாத அதிகாரத்துக்குப் பொறுப்பு சுமத்தக் கூடாது. சர்வர் நடத்துபவருக்கோ நீக்கும், தடுக்கும், வெட்டும் அதிகாரம் முழுதாக உண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு. அந்தப் பொறுப்பைச் சட்டம் இன்னும் அளவோடு வரையறுக்கவில்லை. வரையறுக்கத் தெரியாத அரசு மொத்தமாகப் பூட்டுகிறது. 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு முடக்கிய 14 செயலிகளில், மேட்ரிக்ஸ் என்ற கூட்டமைப்பு நெறிமுறையில் இயங்கும் எலிமென்டும் ஒன்று. இந்தியாவில் பேச ஆளில்லை என்பது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. நாடெங்கும் அதை நேர்மையாகப் பயன்படுத்தியவர்கள் அனைவரும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. அரசு சொல்ல வேண்டியது பொறுப்பான ஒருவரின் பெயரை வை என்பதுதான். கதவையே செங்கல் வைத்து அடைப்பது அதற்கு வழி அல்ல.

ஆக, அந்த மனிதர் பிழைத்திருப்பாரா? 2018 வாட்ஸ்அப்பில் வழியே இல்லை. ஃபேஸ்புக்கில் யாராவது தமிழில் புகார் எழுதி, யாராவது அதைப் படிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குப்பத்துக்கு ஒரு சர்வர் என்ற கூட்டமைப்பில், அந்த சர்வர் தனித்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். பொன்னேரியிலோ சென்னையிலோ இன்னொரு தமிழ் சர்வரில் இருந்த ஒருவர் பதிவைப் பார்த்து, சொன்னவரின் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டு, நடத்துபவரை எழுப்பி, கூடவே காவல் நிலையத்துக்கும் சொல்லியிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்தது. மூன்றில் இந்த ஒன்றில் மட்டும்தான் வாய்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதனால் கூட்டமைப்பின் பக்கம் நிற்கிறேன். சின்ன சமூகம் தன்னைத் தானே நன்றாக ஆளும் என்ற காரணத்துக்காக அல்ல. பல சமூகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் அமைப்பு அதில் மட்டுமே சாத்தியம் என்பதற்காக.

இன்று நடப்பில் உள்ள கூட்டமைப்பு அந்தச் சாத்தியத்தைப் பெரும்பாலும் வீணடிக்கிறது. சர்வர்களின் விதிப்பக்கங்கள் உறுப்பினர்களை நோக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. புகார்ப் பொத்தான் கணக்கு உள்ளவருக்குத்தான் தெரிகிறது. பக்கத்து சர்வர் தீப்பிடித்தால் செய்ய வேண்டிய முதல் வேலை உறவை வெட்டுவதே என்று பழகிவிட்டார்கள். தமிழில் ஒரு சர்வர் தொடங்குபவரிடம் நான் கேட்பது குறைவுதான். கணக்கே இல்லாத ஒருவர், தன்னைப் பற்றியோ தெருவில் நிற்கும் யாரோ ஒருவரைப் பற்றியோ புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும். மாடரேட்டர்களில் ஒருவராவது அந்த ஊரையும் அந்தச் சாதியையும் சேராதவராக இருக்க வேண்டும், அவர் ஒருவரே ஒரு பதிவை நிறுத்திவைக்க அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். உறவை வெட்டும் முன், உயிராபத்து உள்ள பதிவைப் பிற தமிழ் சர்வர்களுக்கும் மாவட்டக் காவல் துறைக்கும் சொல்வதாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 ஜூலை 17ஆம் தேதி, கும்பல் கொலைகள் பற்றிய தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது இத்தகைய வன்முறையைத் தடுக்கத்தான். சாதி என்ற சொல் விதியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு வரும். வெளியாள் ஒருவருக்குத் தன் கூட்டத்தில் தடுப்புரிமை தர எந்தக் குப்பமும் லேசில் சம்மதிக்காது, எந்த மென்பொருள் ஆர்வலர் குழுவும் சம்மதிக்காது. அதை ஒப்புக்கொள்ளாத சர்வரில் என் மக்களைச் சேரச் சொல்ல எனக்கு மனம் வராது.